ஐப்பசி அடைமழைக்கு முன்னால்: வடசென்னை வீட்டுக் கொல்லையில் தேங்கும் நீரை வடியச் செய்யும் முழுமையான வழிகாட்டி

வியாசர்பாடியில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லை 22 அடி நீளமும் 11 அடி அகலமும் கொண்டது. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, துவைக்கும் கல், பழைய அடிபம்பு, மூலையில் கழிவுநீர்ச் சேம்பர், இவ்வளவுதான் அதில் இருக்கின்றன. இந்தச் சிறிய இடத்தில் 2021 நவம்பர் மழையின்போது முழங்கால் அளவுக்கு நீர் நின்றது. பின்கட்டுச் சமையலறைக்குள்ளும் புகுந்து, நான்கு நாட்கள் வடியாமல் கிடந்தது. இரண்டாம் நாள் மழை சற்று ஓய்ந்தபோது, குழி வெட்டினால் நீர் இறங்கிவிடும் என்று நம்பி, மேடாக இருந்த ஓரத்தில் ஆள் வைத்து மூன்றடி ஆழத்துக்குக் குழி எடுத்தோம். மேலே நின்ற நீரைத் திருப்பி விடுவதற்கு முன்பாகவே குழியின் அடியிலிருந்து நீர் ஊறி, ஓர் அடி உயரத்துக்கு வந்துவிட்டது. நிலமே நிறைந்திருந்த நேரத்தில் நிலத்துக்குள் நீரை அனுப்ப முயன்றிருக்கிறோம் என்பது அப்போதுதான் புரிந்தது.

நீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக எங்கே போய்ச் சேரப் போகிறது என்ற இரண்டையும் அறியாமல் மண்வெட்டியைக் கையில் எடுக்கக் கூடாது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் செல்கிறது.

எப்போது தொடங்க வேண்டும்

வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில், அதாவது புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் வேளையில் தொடங்குகிறது. சென்னை ஓர் ஆண்டில் பெறும் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. ஆகவே மண் வேலை, கொத்து வேலை இரண்டும் புரட்டாசி முடிவதற்குள் முடிந்திருக்க வேண்டும். புதிதாகப் போட்ட கான்கிரீட் தளத்தை ஏழு நாட்களாவது நனைத்துப் பதப்படுத்த வேண்டியிருப்பதால், ஆயுத பூஜை விடுமுறைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவது பெரும்பாலும் அடைமழையில்தான் போய் முடியும். அந்தச் சமயத்தில் கொத்தனாரும் கிடைக்க மாட்டார்.

ஆடி, ஆவணி மாதங்களில் தொடங்குவதே நல்லது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த மாதங்களில் மாலை வேளைகளில் இடியுடன் பெய்யும் அரை மணி, ஒரு மணி நேர மழை உங்கள் கொல்லைக்குக் கிடைக்கும் இலவசச் சோதனையாகும். அத்தகைய ஒரு மழையைக் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பது, வெயில் நாளில் பத்து முறை கொத்தனாரை அழைத்து வந்து காட்டுவதைவிடப் பயன் தரும்.

முதல் படி: நீரின் ஊற்றுக்கண்ணைக் கண்டறிதல்

மழை பெய்யும்போது கொல்லையில் நின்று மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மழை தொடங்கிய சில நிமிடங்களிலேயே குறிப்பிட்ட இடத்தில் குட்டை கட்டுகிறது என்றால், அது உங்கள் மாடியிலிருந்தோ அண்டை வீட்டுக் கூரையிலிருந்தோ விழும் நீர். தளத்தின் வாட்டம், அதாவது நீர் ஓடுவதற்கான சரிவு, சரியில்லை என்று பொருள். மழை தொடங்கி ஒரு மணி நேரத்துக்குப் பின், வாசல் பக்கமிருந்து கலங்கலாக நீர் உள்ளே நகர்ந்து வருகிறது என்றால், அது தெருவின் நீர். மழை நின்று பல மணி நேரம் ஆன பிறகும் தரையின் விரிசல்களிலும் சுவரின் அடியிலும் நீர் கசிந்துகொண்டே இருந்தால், அது நிலத்தடி நீர் மேலேறியதன் அடையாளம். இம்மூன்றையும் தவிர நான்காவதாக, சேம்பர் மூடியின் ஓரத்தில் குமிழ் விட்டுக்கொண்டு நாற்றத்துடன் மேலே வரும் நீர் கழிவுநீர் ஆகும். இந்த நான்குக்கும் தீர்வுகள் வேறு வேறு. தெருவிலிருந்து வரும் நீருக்கு உறிஞ்சுகுழி வெட்டுவதும், நிலத்தடி நீருக்குத் தளத்தை உயர்த்துவதும் பணத்தை வீணாக்கும் வேலைகள்.

வடசென்னையில் இந்த நான்கும் ஒரே நாளில் வந்து சேர்வதற்கு நிலத்தின் அமைப்பே காரணம். நிலம் ஏறத்தாழச் சமதளமாகவும் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மட்டுமே மேலாகவும் இருக்கிறது. ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் ஆகியவை பக்கிங்ஹாம் கால்வாயில் கலக்கின்றன. கால்வாயின் வடபகுதி எண்ணூர் கழிமுகத்தை நோக்கிச் செல்கிறது. கழிமுகத்தில் கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் கால்வாய் நீர் கடலுக்குள் இறங்குவது மந்தமாகும். கால்வாய் நிறைந்திருந்தால் தெரு வடிகால் இறங்காது. தெரு வடிகால் இறங்காவிட்டால் உங்கள் கொல்லைக் குழாயும் இறங்காது. எனவே எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், சில மணி நேரம் நீர் வெளியே போக இயலாமல் இருக்கும் என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

இரண்டாம் படி: எவ்வளவு நீர் என்று கணக்கிடுதல்

இந்தக் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி என்பது ஏறத்தாழ 111 சதுர மீட்டர். ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த அரை கிரவுண்டில் மட்டும் சுமார் 11,000 லிட்டர் நீர் விழுகிறது. அது ஒரு பெரிய தண்ணீர் லாரியின் கொள்ளளவுக்கு நெருக்கமானது. ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் என்ற கனமழையில் நிமிடத்துக்கு 90 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக விழும். சரியான வாட்டத்தில், அடைப்பின்றிப் பதித்த 4 அங்குல பி.வி.சி. குழாய் ஒன்று இதைவிட மூன்று மடங்குக்கு மேல் கடத்தக் கூடியது. எனவே பல வீடுகளில் குழாயின் அளவு குறை அல்ல. நீர் குழாயின் வாய்க்கு வந்து சேராததும், குழாய்க்கு வாட்டம் இல்லாததும், மறுமுனை அடைந்திருப்பதும்தான் குறை.

மூன்றாம் படி: மட்டம் பார்த்தல்

கண்ணால் பார்த்து மட்டத்தை முடிவு செய்யாதீர்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் ஒளி ஊடுருவும் மட்டக் குழாயே இதற்குப் போதும். ஹார்டுவேர் கடையில் 10 மீட்டர் நீளமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வாங்கி, அதில் நீர் நிரப்புங்கள். நிரப்பும்போது குழாயை மெதுவாகச் சுண்டிச் சுண்டி உள்ளிருக்கும் காற்றுக் குமிழ்கள் அனைத்தையும் வெளியேற்ற வேண்டும். ஒரு குமிழ் நடுவில் நின்றாலும் மட்டம் ஓர் அங்குலம் வரை பொய் சொல்லும். ஒருவர் குழாயின் ஒரு முனையைச் சமையலறை நிலைப்படியின் அருகே சுவரில் பிடிக்க, மற்றவர் அடுத்த முனையை எடுத்துக்கொண்டு கொல்லையின் நான்கு மூலைகளுக்கும், சேம்பர் மூடிக்கும், வாசல் கேட்டுக்கும், தெருவின் நடுப் பகுதிக்கும், தெருவோர மழைநீர் வடிகாலின் நீர் நுழையும் துவாரத்துக்கும் செல்லட்டும். குழாய் எட்டாத இடத்தில், கடைசியாகப் போட்ட கோட்டிலிருந்து மீண்டும் தொடங்கலாம். நீரின் மட்டம் அசையாமல் நின்றதும் பென்சிலால் சுவரில் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து ஒரு தாளில் எழுதுங்கள்.

எங்கள் வீட்டில் இதைச் செய்தபோது கொல்லையின் சமையலறை ஓரம், எதிர்ச்சுவர் ஓரத்தைவிட ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தது தெரிந்தது. முன்பு தளம் போட்ட கொத்தனார், பார்வைக்குச் சமமாக இருக்கும்படி போட்டுவிட்டார். நீரோ ஒவ்வொரு மழையிலும் வீட்டின் சுவரைத் தேடி வந்துகொண்டிருந்தது. அதைவிட வருத்தம் தந்த அளவு தெருவினுடையது. பலமுறை தார் மேல் தார் போட்டதில், தெருவின் நடுப்பகுதி எங்கள் கொல்லைத் தளத்தைவிட ஏழு அங்குலம் உயரத்துக்கு ஏறியிருந்தது. இந்த ஒரு தாள் கையில் இருந்தால்தான் இனி வரும் முடிவுகள் சரியாக அமையும்.

நான்காம் படி: மண்ணைச் சோதித்தல்

வடசென்னை முழுவதும் ஒரே மண் அல்ல. காசிமேடு, இராயபுரம், திருவொற்றியூர் என்று கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் மணல் அதிகம். உள்ளே வியாசர்பாடி, கொடுங்கையூர், மாதவரம் பக்கம் களிமண் அதிகம். அவற்றின் மேல் கட்டட இடிபாடு, சவுடு, கிராவல் என்று காலங்காலமாகக் கொட்டி நிரப்பிய அடுக்குகள் இருக்கும். ஆகவே அடுத்த தெருக்காரர் சொல்வதை நம்பாமல் உங்கள் மண்ணை நீங்களே சோதியுங்கள்.

ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து அதில் நீர் நிரப்பி, அது வடிந்த பின் இரண்டாம் முறை நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று ஒரு குச்சியில் குறித்துப் பாருங்கள். முதல் முறை இறங்கும் வேகத்தைக் கணக்கில் கொள்ளக் கூடாது. காய்ந்த மண் எதையும் குடித்துவிடும். நான்கு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் உறிஞ்சுகுழி உங்களுக்கு நன்கு உதவும். ஓர் அங்குலத்துக்கும் குறைவாக இறங்கினால் குழியை நம்பியிருக்க வேண்டாம். நீரை மேற்பரப்பிலேயே வெளியே கொண்டுபோகும் வழியைத் தேடுங்கள். குழி எடுக்கும்போதே அடியில் தானாக ஈரம் கசிந்தால், கோடையிலேயே நிலத்தடி நீர் அவ்வளவு அருகில் இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் மழைக்காலத்தில் குழி தொட்டியாகத்தான் மாறும்.

ஐந்தாம் படி: வெளியேறும் வழியை முதலில் சரிசெய்தல்

வேலையை எப்போதும் நீர் முடியும் இடத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும். கொல்லையில் அழகாகத் தளம் போட்டுவிட்டு, நீர் போகும் குழாய் தெரு ஓரத்தில் மண் மூடிக் கிடப்பதைப் பிறகு கண்டுபிடிப்பவர்கள் பலர்.

சென்னையில் இரண்டு தனித்தனி அமைப்புகள் உள்ளன என்பதை மனத்தில் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். தெருவோரத்து மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. வீட்டுக் கழிவுநீர் செல்லும் பாதாளச் சாக்கடை மெட்ரோ வாட்டர் என்று நாம் அழைக்கும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீரைக் கழிவுநீர்ச் சேம்பருக்குள் திருப்பி விடுவது இங்கே பலரும் செய்யும் தவறு. சேம்பர் மூடியைத் தூக்கிவிட்டால் கொல்லை நீர் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடுவது உண்மைதான். ஆனால் ஒரு தெருவில் இருபது வீடுகள் அப்படிச் செய்தால், கழிவுநீருக்கு மட்டும் அளவு பார்த்துப் போட்ட அந்தக் குழாய் நிறைந்து, தாழ்வான வீட்டின் கழிப்பறை வழியாக எல்லாருடைய கழிவும் மேலே வரும். அந்தத் தாழ்வான வீட்டில் யாரோ ஒரு முதியவரும் ஒரு குழந்தையும் இருப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மறுபுறம், கழிவுநீரை மழைநீர் வடிகாலில் இணைப்பது சட்டப்படி குற்றம்.

உங்கள் தெருவில் வடிகால் இருந்தால், உங்கள் வீட்டுக்கு நேராக உள்ள துவாரமும் வண்டல் பிடிக்கும் தொட்டியும் அடைபட்டிருக்கின்றனவா என்று செப்டம்பரிலேயே பாருங்கள். அடைபட்டிருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து, பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய மண்டல அலுவலகங்களில் நேரிலும் கேட்கலாம். தெருவாசிகள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் கவனிப்பு கிடைக்கும் என்பது என் அனுபவம். வடிகாலின் சுவரை நீங்களாக உடைத்துக் குழாய் சொருக வேண்டாம். வார்டு பொறியாளரிடம் கேட்டுச் செய்வதே பாதுகாப்பு. கொசஸ்தலையாற்று வடிநிலப் பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் புதிய வடிகால்கள் கட்டப்பட்டிருப்பதால், உங்கள் தெருவிலும் புதிய வடிகால் வந்திருக்கலாம். அதன் துவாரம் உங்கள் கொல்லையைவிட உயரத்தில் இருக்கிறதா, தாழ்வில் இருக்கிறதா என்பதை மட்டக் குழாய்த் தாளில் கட்டாயம் ஒப்பிடுங்கள்.

வெளியேறும் குழாயின் தெரு முனையில் இரும்பு வலை ஒன்றைப் பொருத்துங்கள். குப்பைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வடிகாலில் வாழும் பெருச்சாளிகள் அந்தக் குழாய் வழியாகவே கொல்லைக்கு வருகின்றன. பெருச்சாளி தளத்தின் அடியில் பறித்த வளை, மழைநீரை நேராக அஸ்திவாரத்துக்கு அழைத்துச் செல்லும் சுரங்கம் ஆகிவிடும். அத்தகைய வளைகள் இருந்தால், உள்ளே உயிர் எதுவும் இல்லை என்று பார்த்த பின், உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் கலந்த சிமென்ட் கலவையால் இறுக அடையுங்கள். மண்ணால் அடைத்தால் மறுநாளே திறந்துவிடும்.

ஆறாம் படி: தளத்துக்கு வாட்டம் கொடுத்தல்

நீர் வீட்டுச் சுவரை விட்டு விலகி ஓட வேண்டும் என்பதே வாட்டத்தின் அடிப்படை. சிமென்ட் தளத்துக்குப் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் தாழ்வு போதும். மண் தரைக்கு அதே பத்தடிக்கு இரண்டு முதல் இரண்டரை அங்குலம் தேவை, ஏனெனில் மண் தரையில் நீர் மெதுவாக நகரும், மண்ணும் காலப்போக்கில் அமுங்கும். பழைய தளத்தின் மேலேயே புதிய தளம் போட்டு வாட்டம் கொடுக்கலாம் என்றால், உயர்த்திய பிறகும் வீட்டின் உள்தரை, கொல்லையைவிட ஆறு அங்குலமாவது மேலே இருக்க வேண்டும். அதற்கு இடமில்லாவிட்டால் பழைய தளத்தை உடைத்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. செலவு கூடுகிறதே என்று அங்கே சமரசம் செய்தால், அடுத்த மழையில் நீர் நிலைப்படியைத் தாண்டும்.

சுவருக்கும் தளத்துக்கும் இடையே உள்ள மூலையில், மூன்று அங்குல உயரத்துக்குச் சிமென்ட் கலவையைச் சரிவாக வைத்துப் பூசச் சொல்லுங்கள். நீர் சுவரின் அடியில் இறங்குவதைத் தடுக்க இதைவிடச் சிக்கனமான வேலை வேறில்லை. தளத்தின் தாழ்ந்த ஓரத்தில் ஆறு அங்குல அகலமுள்ள திறந்த கால்வாய் ஒன்றை விட்டு, அதன் மேல் கையால் தூக்கக் கூடிய துளையுள்ள மூடிகளைப் போடுங்கள். மூடிய குழாயைவிடத் திறந்த கால்வாயையே நான் பரிந்துரைப்பேன். முருங்கை இலை உதிரும் கொல்லையில் எந்தக் குழாயும் ஒரு பருவத்துக்குள் அடைபடும், கால்வாயையோ துடைப்பத்தால் பெருக்கிவிடலாம்.

தளம் போட்டு முடிந்த மறுநாள், கொத்தனாரின் கணக்கை முடிப்பதற்கு முன்பு, ஒரு வாளி நீரை உயர்ந்த ஓரத்தில் ஊற்றிப் பாருங்கள். அது எங்கும் நிற்காமல் கால்வாயைச் சேர வேண்டும். நிற்கும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுக் காட்டினால், மறுநாள் அவர் அதைச் சரிசெய்வார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். உங்கள் வாட்டம் அண்டை வீட்டுச் சுவரை நோக்கி இருக்கக் கூடாது. அதுபோலவே, மேட்டில் இருக்கும் வீட்டின் நீர் உங்கள் காம்பவுண்டுச் சுவரின் துவாரம் வழியாகக் காலங்காலமாக வந்து போய்க்கொண்டிருந்தால், அதைத் திடீரென்று அடைத்துவிடாதீர்கள். அங்கே தேங்கும் நீர் சுவரைச் சாய்க்கும், உறவையும் கெடுக்கும். அவர்களோடு பேசி, அந்த நீரையும் உங்கள் கால்வாயில் சேர்த்து வெளியே கொண்டுபோகச் செலவைப் பகிர்ந்துகொள்வதே இரு வீட்டுக்கும் நல்லது.

ஏழாம் படி: மாடி நீரைக் கொல்லையில் விழ விடாதிருத்தல்

அரை கிரவுண்டு மனையில் வீட்டின் கூரை 600 சதுர அடி என்றால், மனையில் விழும் மழையில் பாதி மாடியில்தான் விழுகிறது. அந்தப் பாதியைத் தனிக் குழாய் வழியாக மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ கொண்டுபோனால், கொல்லையின் சுமை அப்படியே பாதியாகிவிடும். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்த குழாய்களும் குழிகளும் பல வீடுகளில் இன்று உடைந்தும் தூர்ந்தும் கிடக்கின்றன. புதிதாக எதையும் செய்வதற்கு முன் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, தூர் வாரி, ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். மாடியைப் பெருக்கி, நீர் இறங்கும் வாய்களில் வலை மூடி வைத்து, பருவத்தின் முதல் மழை நீரை மட்டும் வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து சேகரியுங்கள்.

எட்டாம் படி: உறிஞ்சுகுழி

மண் சோதனையில் தேறிய வீடுகளுக்கு மட்டுமே இந்தப் படி. மூன்றடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள சிமென்ட் உறை ஒன்று ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும். எட்டு உறை இறக்கினால் 1,600 லிட்டர். கனமழையில் அது 20 நிமிடத்துக்குள் நிறைந்துவிடும். ஆகவே குழிக்கு எப்போதும் ஒரு வழிந்தோடும் குழாய் வேண்டும். அது உங்கள் கால்வாயோடு சேர வேண்டும். பக்கங்களில் துளையுள்ள உறைகளைப் பயன்படுத்தி, உறையைச் சுற்றிலும் அரையடி அகலத்துக்கு 40 மில்லிமீட்டர் கருங்கல் ஜல்லி நிரப்புங்கள். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே, நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி வைப்பது அவசியம். அதற்குப் பதிலாகப் பந்தலுக்குப் போடும் பச்சை வலையை வைத்தால், நுண்ணிய வண்டல் அதன் கண்கள் வழியாகப் புகுந்து இரண்டு மூன்று பருவங்களில் ஜல்லியை அடைத்துவிடும்.

குழி வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளியும், கழிவுநீர்த் தொட்டியிலிருந்து இயன்ற அளவு தூரத்திலும் இருக்க வேண்டும். அந்தப் பத்தடி இல்லாத மனைகளில், சுவரை ஒட்டிக் குழி வெட்டுவதைவிடக் குழியே இல்லாமல் இருப்பது மேல் என்பது என் கருத்து. மேலே களிமண்ணும் கீழே மணலும் இருக்கும் இடங்களில், குழியின் நடுவே கை போர் போட்டுக் களிமண்ணைத் துளைத்து, அந்தத் துளையை ஜல்லியால் நிரப்புவது வழக்கம். அப்படிச் செய்தால் அதற்குள் மாடியின் தூய நீரை மட்டுமே விட வேண்டும். துவைக்கும் கல்லின் சோப்பு நீரோ தெரு நீரோ அதில் இறங்கினால், உங்கள் அடிபம்பின் நீரையும் அண்டை வீடுகளின் நீரையும் நீங்களே கெடுத்ததாகிவிடும்.

ஒன்பதாம் படி: தெருவைவிடத் தாழ்ந்த வீடுகளுக்கு

வடசென்னையின் பழைய வீடுகளில் பெரும்பாலானவை இந்த நிலையில்தான் இருக்கின்றன. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்பது விதி. உங்கள் தெருவில் சாலை போட வரும்போது தெருவாசிகள் சேர்ந்து நின்று அதைக் கேளுங்கள், ஏனெனில் ஒருமுறை உயர்ந்த தெரு மீண்டும் இறங்குவது அரிது.

வாசலில் மூன்று முதல் ஆறு அங்குல உயரத்துக்கு, வண்டி ஏறி இறங்கும்படி இருபுறமும் சரிவான சிமென்ட் மேடு ஒன்று கட்டுங்கள். அதற்கு மேலும் நீர் வருமானால், கேட்டின் இருபக்கத் தூண்களிலும் இரும்பு அல்லது அலுமினியச் சட்டம் பதித்து, வெள்ள நாளில் மட்டும் பலகையைச் செருகி, அதன் அடியில் மணல் மூட்டை வைக்கலாம்.

உள்ளே விழும் மழைக்கு, கொல்லையின் மிகத் தாழ்ந்த மூலையில் இரண்டடிச் சதுரத்தில் மூன்றடி ஆழத்துக்கு அடியும் பக்கங்களும் பூசிய சிறு தொட்டி கட்டி, அதில் மிதவையால் தானே இயங்கும் நீர்மூழ்கிப் பம்பு ஒன்றை வைப்பதுதான் நம்பத்தக்க வழி. தெரு உயரத்துக்குத் தூக்கும்போது நிமிடத்துக்கு 100 லிட்டராவது தள்ளும் பம்பா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். ஆனால் நீர் தேங்கும் தெருக்களில் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. நான்கைந்து வீட்டார் சேர்ந்து பெட்ரோலில் ஓடும் நீரிறைக்கும் பம்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது பயனுள்ள ஏற்பாடு. அதைத் திறந்த வெளியில் மட்டுமே ஓட்ட வேண்டும். மூடிய அறையில் அதன் புகை உயிரைப் பறிக்கும்.

பத்தாம் படி: கழிவுநீர் திரும்பி வராமல் தடுத்தல்

தெருச் சேம்பருக்கு முன் உங்கள் வீட்டின் கடைசிச் சேம்பரில், நீர் வெளியே மட்டும் செல்லும்படி மடிப்புக் கதவுள்ள நான் ரிட்டர்ன் வால்வு ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். தெருக் குழாய் நிறையும்போது அது தானே மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் உங்கள் வீட்டு நீரும் வெளியே போகாது என்பதால் குளியலையும் துவைப்பதையும் ஒத்திப் போட வேண்டும். வால்வின் கதவில் முடியும் துணி நூலும் சிக்கினால் அது முழுமையாக மூடாது. ஆகவே மழைக்கு முன் ஒருமுறை திறந்து கழுவுவது அவசியம். வால்வு இல்லாத வீடுகளில் மணல் நிரப்பிய சாக்கைக் கழிப்பறைப் பேசினின் மேல் அழுத்தி வைப்பது அவசரத்துக்கு உதவும். கொல்லையில் உள்ள சேம்பரின் விளிம்பைத் தளத்தைவிட ஆறு அங்குலம் உயர்த்தி, விரிசல் இல்லாத மூடி போடுங்கள்.

அடைப்பை எடுக்க எவரையும் சேம்பருக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ இறக்காதீர்கள். பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் மனிதர்களைக் கொண்டு அவற்றைச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. உள்ளே நிற்கும் விஷவாயு ஓரிரு மூச்சிலேயே கொன்றுவிடும். இந்த நகரத்தில் அப்படி இறந்தவர்கள் நம் பகுதிகளைச் சேர்ந்தவர்கள்தாம். மெட்ரோ வாட்டரில் புகார் செய்து இயந்திரத்தை வரவழையுங்கள். இரண்டு நாள் தாமதமானாலும் காத்திருங்கள்.

பதினோராம் படி: சம்ப்பும் மின்சாரமும்

குடிநீர்ச் சம்ப்பின், அதாவது தரைக்கடியில் உள்ள தொட்டியின், வாய் தரைமட்டத்தில் இருந்தால், அதை ஒன்று அல்லது ஒன்றரை அடி உயர்த்திக் கட்டி, ரப்பர் விளிம்புள்ள மூடி போடுங்கள். வெள்ள நீர் உள்ளே போயிருந்தால், அந்த நீரை முழுமையாக இறைத்து வெளியேற்றி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் சுவர்களைத் தேய்த்துக் கழுவிய பிறகே மீண்டும் நிரப்ப வேண்டும். 2023 வெள்ளத்தில் எண்ணூர்ப் பகுதியில் நேர்ந்ததுபோல் நீரில் எண்ணெய் கலந்திருந்தால், ஒருமுறை கழுவுவது போதாது. சோப்புக் கரைசலால் பலமுறை தேய்க்க வேண்டியிருக்கும்.

கொல்லையில் உள்ள மோட்டார் ஸ்விட்ச், பிளக் பாயின்ட் அனைத்தையும் நீங்கள் கண்ட மிக உயர்ந்த நீர்மட்டத்துக்கு இரண்டடி மேலே மாற்றச் சொல்லுங்கள். வீட்டின் மின் இணைப்பில், மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால், இந்தப் பட்டியலில் உள்ள மற்ற எல்லா வேலைகளுக்கும் முன்பாக அதைப் பொருத்துங்கள். நீரில் யாரேனும் நின்றுகொண்டிருக்கும்போது பம்பை இயக்கக் கூடாது.

முதல் பெருமழை நாளில்

வேலை முடிந்த பின் வரும் முதல் பெருமழை உங்கள் வேலையைச் சோதிக்கும். சமையலறைச் சுவரில் அடி, அங்குலக் கோடுகளைப் பெயின்ட்டால் வரைந்து வையுங்கள். மழை தொடங்கிய நேரம், கால்வாய் நிறைந்த நேரம், நீர் தொட்ட உயரம், மழை நின்ற பின் வடிய எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவற்றை மட்டம் எழுதிய அதே தாளின் பின்பக்கத்தில் குறியுங்கள். மூன்று நாட்களுக்கு மேல் எங்கும் நீர் நிற்கக் கூடாது; டெங்குவைப் பரப்பும் கொசு தேங்கிய நல்ல நீரில் முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். ஆகவே குழியின் மூடியிலும் பம்புத் தொட்டியின் மூடியிலும் கொசுவலை கட்டுங்கள். தேங்கிய நீரில் இறங்கி வேலை செய்ய நேர்ந்தால் ரப்பர் பூட்ஸ் அணியுங்கள். காலில் புண் உள்ளவர்கள் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் கிருமி அந்தப் புண் வழியாக எளிதில் உடலுக்குள் நுழைந்துவிடும்.

எங்கள் வீட்டில் வாட்டத்தை மாற்றி, கால்வாய் எடுத்து, வாசல் மேடும் பம்புத் தொட்டியும் கட்டிய பிறகு வந்த ஐப்பசியில், இரவு முழுவதும் பெய்த மழையில் கொல்லை நீர் கணுக்கால் அளவுக்கு ஏறி, விடிவதற்குள் இறங்கியது. காலையில் அம்மா துவைக்கும் கல்லருகே நின்று, கால்வாய் மூடியைத் தூக்கி, முருங்கை இலைகளைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். மூடியில் மூன்றாவதைத் தூக்கக் கனமாக இருக்கிறது என்று சொன்னார். அதை இரண்டாக அறுத்துத் தரும்படி கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறோம்.